நாணயத்தை உருக்கிச் செய்த கரண்டிகள்

"கரண்டியைப் பத்தியெல்லாம் ஒரு பதிவா?" என்று கேட்கப் போகிற அன்பர்களுக்கு முதலிலேயே சொல்லிடறேன். ஆமாம், கரண்டியைப் பத்தித்தான். அதுவும் கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க. கையில ஸ்பூன் இருந்தா இன்னும் விசேஷம் :-)

அமெரிக்காவுல பழம்பொருள் சேர்க்கிறவங்க மத்தியில் 'காயின் சில்வர்' என்று ஒரு சொல் உண்டு. நாணய வெள்ளி. சுமாராக 1870-க்கு முன்னாடி அங்கே செய்த வெள்ளிச் சாமான்களுக்கு இந்தப் பேர். இதுல டீப்பாட், பெரிய கோப்பை, கிண்ணம் எல்லாம் மியூசியத்துக்கும் கோடீஸ்வரங்க வீட்டு அலமாரிக்கும் போயாச்சு. மாசச் சம்பளக்காரன் கைக்கு எட்டுறது கரண்டி ஒண்ணுதான். அதனால இந்தப் பித்து பிடிக்கிறவங்க பெரும்பாலும் ஒரு டீஸ்பூன்லதான் ஆரம்பிக்கறாங்க.

பொட்டி தட்டுற எனக்கு இதுல ஆர்வம் வந்தது வேற ஒரு கேள்வியால. அரசாங்க முத்திரையே இல்லாத ஒரு நாட்டுல, தன் கையில இருக்கறது நல்ல வெள்ளிதான்னு ஜனங்க எதை வெச்சு நம்பினாங்க? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினா, அந்த நாட்டோட முதல் இருநூறு வருஷமும் கரண்டிக்குள்ள இருக்கு.

பேங்க் இல்லாத ஊரில் பணத்தை எங்கே வைப்பது?

17, 18-ம் நூற்றாண்டுகளில் வட அமெரிக்காவின் ஆங்கிலேயக் குடியேற்றங்களில் வெள்ளிச் சுரங்கம்னு சொல்லிக்கற மாதிரி எதுவும் இல்லை. பேங்கும் இல்லை. பிலடெல்பியாவில் 'பேங்க் ஆஃப் நார்த் அமெரிக்கா' கதவைத் திறந்ததே 1782-ல்தான். ஜனங்க கையில புழங்கினது பல நாட்டுக் காசுகளின் கதம்பம். அதுல ராஜா, ஸ்பானிஷ் டாலர். எட்டு ரியால் மதிப்புள்ள, சுமார் 27 கிராம் எடையுள்ள பெரிய வெள்ளிக்காசு. மெக்சிகோவிலும் பொலிவியாவின் பொட்டோசியிலும் அடிச்சது. கரீபியத் தீவுகளோட நடந்த வியாபாரம் வழியா பாஸ்டனுக்கும் நியூயார்க்குக்கும் வந்து சேர்ந்தது. இந்த வெளிநாட்டுக் காசு அமெரிக்காவில் சட்டப்படி செல்லுபடியானது எதுவரைக்கும் தெரியுமா? 1857 வரைக்கும்!

இப்ப உங்ககிட்ட இருநூறு ஸ்பானிஷ் டாலர் இருக்குன்னு வெச்சுக்கங்க. வீட்டுப் பெட்டியில பூட்டி வைக்கலாம். திருடன் வந்து அள்ளிட்டுப் போனா? ஒரு காசுக்கும் இன்னொரு காசுக்கும் வித்தியாசம் கிடையாது. "இது என் காசு"ன்னு யாராலயும் நிரூபிக்க முடியாது.

அதுக்கு அவங்க கண்டுபிடிச்ச வழி ரொம்பச் சுலபம். காசை எடுத்துக்கிட்டு வெள்ளி வேலை செய்யற ஆசாரிகிட்ட போறது. அவர் எடை போட்டு வாங்கி, உருக்கி, கரண்டியாவும் கோப்பையாவும் அடிச்சுக் கொடுப்பார். அதுல உங்க பேரோட முதலெழுத்தை வெட்டிக் கொடுப்பார். பின்பக்கம் தன்னோட முத்திரையையும் குத்துவார். இனிமே திருடு போனா, "இன்ன எழுத்து வெட்டின, இன்னார் முத்திரை உள்ள ஆறு கரண்டி காணோம்"னு பேப்பர்ல விளம்பரம் போடலாம். அந்தக் காலச் செய்தித்தாள்களில் இப்படிப்பட்ட விளம்பரங்கள் நிறைய. திருட்டு வெள்ளி முதல்ல போற இடம் இன்னொரு ஆசாரி கடைதானே. அவர் விளம்பரத்தைப் படிச்சிருந்தா திருடன் மாட்டினான்.

பணம் தேவைப்பட்டா? எடை போட்டு வித்துக்கலாம், இல்லை மறுபடி அழிச்சு வேற ஏதாவது பண்ணிக்கலாம். பாஸ்டன் ஆசாரிகளின் கணக்குப் புத்தகங்களைப் பார்த்தா வெள்ளியின் எடைக்கு ஒரு தொகை, செய்கூலிக்குத் தனியா ஒரு தொகைன்னு எழுதியிருக்கும். செய்கூலி, சேதாரம் கேட்டே வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டாம் :-)

ஒரு சின்னக் கணக்கு. டீஸ்பூன் ஒண்ணு சுமார் 15 கிராம்னு எடுத்துக்கிட்டா, ஆறு ஸ்பூனுக்கு 90 கிராம். அதாவது மூணு டாலரும் கொஞ்சமும். சாப்பாட்டு மேஜையில இருக்கற பெரிய கரண்டி ஒண்ணுக்குச் சுமார் ரெண்டு டாலர். மேஜைமேல சேமிப்புக் கணக்கையே பரப்பி வெச்சுக்கிட்டுத்தான் அந்தக் குடும்பங்கள் சாப்பிட்டன.

சிங்கமும் சிறுத்தையும் இல்லாத தேசம்

இங்கிலாந்துல கதை வேற. 1300-லேயே அரசர் முதலாம் எட்வர்ட் சட்டம் போட்டுட்டார். வெள்ளின்னா ஸ்டெர்லிங் தரம், ஆயிரத்துக்கு 925 பங்கு சுத்த வெள்ளி இருக்கணும். சோதிச்சுப் பார்த்துச் சிறுத்தைத் தலை முத்திரை குத்தணும். பிறகு வருஷத்தைக் காட்டும் எழுத்து, நடக்கும் சிங்கம்னு முத்திரைகள் கூடிக்கிட்டே போச்சு. லண்டன் கரண்டியைத் திருப்பிப் பார்த்தா எந்த வருஷம், எந்த ஊர், யார் செஞ்சதுன்னு ஜாதகமே சொல்லிடலாம்.

அமெரிக்காவுல இது எதுவும் வரவே இல்லை. ஒரே ஒரு விதிவிலக்கு பால்டிமோர் நகரம். 1814-ல் அங்கே ஒரு சோதனை அலுவலகம் வெச்சாங்க, அரசு முத்திரை குத்தினாங்க. 1830-ல் அதையும் இழுத்து மூடிட்டாங்க. மத்த ஊர்கள்ல ஆசாரியோட பேர்தான் உத்தரவாதம்.

நம்ம பாஷையில சொல்லணும்னா, சான்றிதழ் தர ஒரு மைய அமைப்பே இல்லாத நெட்வொர்க் இது. ஒவ்வொருத்தரும் தானே கையெழுத்துப் போட்டுக்கிட்ட சான்றிதழோட உலாவறாங்க. அப்புறம் எப்படி ஓடிச்சு? ஊர் சின்னது. ஆசாரி அதே சர்ச்சுல அடுத்த பெஞ்ச்ல உக்கார்ற ஆள். ஒரு தடவை செம்பைக் கூடக் கலந்து மாட்டிக்கிட்டா, அதுக்கப்புறம் அந்த ஊர்ல அவர்கிட்ட யாரும் காசை நீட்ட மாட்டாங்க. நம்ம மொழியில 'நாணயம்'ங்கற ஒரே சொல்லுக்குக் காசுன்னும் நேர்மைன்னும் ரெண்டு அர்த்தம் இருக்கு பாருங்க, இந்தக் கரண்டிகளுக்கு அதைவிடப் பொருத்தமான பேர் கிடையாது.

இதுக்கு ஆரம்ப உதாரணம் ஜான் ஹல், ராபர்ட் சாண்டர்சன் என்ற ரெண்டு பாஸ்டன் ஆசாரிகள். 1652-ல் மாசசூசெட்ஸ் குடியேற்றம் சொந்தமாக் காசு அடிக்க முடிவு பண்ணினப்ப அந்த வேலை இவங்ககிட்டதான் வந்தது. ஊருக்கே காசு அடிச்ச அதே கைகள்தான் வெள்ளிச் சாமானும் செஞ்சது. காசு அடிக்கற உரிமை இங்கிலாந்து அரசருக்கு மட்டுமே உரியது. அங்கே அரசரே இல்லாத இடைவெளியில இவங்க ஆரம்பிச்சது. 1682 வரைக்கும் பட்டறை ஓடியும், ஏறக்குறைய எல்லாக் காசுலயும் 1652-ன்னே போட்டாங்க!

அப்ப 'காயின்' தரம்னா எவ்வளவு? 1792-ல் அமெரிக்க அரசு தன் நாணயச்சாலையைத் தொடங்கினப்ப வெள்ளி டாலரின் தரம் 1664-க்கு 1485 பங்கு, அதாவது ஆயிரத்துக்கு சுமார் 892. 1837-ல் அதை 900-ன்னு முழுசாக்கினாங்க. அதனாலதான் காயின் சில்வர்னா 90 சதவீதம்னு பொதுவாச் சொல்றது. ஆனா பழைய கரண்டிகளைச் சோதிச்சா கொஞ்சம் மேலேயும் கீழேயும் இருக்கும். உருக்கப் போட்டது எந்தக் காசோ அந்தத் தரம். போகப்போக ஆசாரிகள் வெள்ளிக்கட்டியாவே வாங்க ஆரம்பிச்சாங்க. 1830-களுக்கு அப்புறம் கரண்டியில 'காயின்', 'ப்யூர் காயின்', 'டாலர்', 'ஸ்டாண்டர்ட்'னெல்லாம் குத்தினது "இது காசுத் தரம்"னு சொல்றதுக்குத்தான். எல்லாமே நிஜக் காசை உருக்கினதுன்னு அர்த்தம் இல்லை.

இதுல ஒரு வேடிக்கையும் உண்டு. 19-ம் நூற்றாண்டுல சில ஆசாரிகள், முக்கியமா நியூயார்க் பக்கம், இங்கிலாந்து முத்திரை மாதிரியே தோணற சிங்கம், ராஜா தலை, ஒரு எழுத்துன்னு வரிசையாக் குத்தி விட்டாங்க. எந்த அலுவலகமும் கொடுத்ததில்லை. சும்மா ஒரு பந்தாவுக்கு. முதன்முதலா சேகரிக்கறவங்க இதைப் பார்த்து லண்டன் சரக்குன்னு நினைச்சுக்கறது இன்னைக்கும் நடக்குது.

கரண்டியைப் படிப்பது எப்படி

பால் ரெவீர்னு ஒருத்தரைப் பள்ளிக்கூடப் பாடத்துல கேள்விப்பட்டிருக்கலாம். 1775 ஏப்ரல்ல நடுராத்திரி குதிரை ஏறிப்போய் பிரிட்டிஷ் படை வருதுன்னு எச்சரிச்சவர். அவர் தொழில் வெள்ளி வேலை. அப்பா பிரான்ஸிலிருந்து மதப் பிரச்சினையால வந்து பாஸ்டன்ல ஜான் கோனி என்ற ஆசாரிகிட்ட தொழில் கத்துக்கிட்டவர். ரெவீரின் கணக்குப் புத்தகங்கள் 1761-லேர்ந்து 1797 வரைக்கும் இன்னும் பத்திரமா பாஸ்டன்ல இருக்கு. மியூசியத்துல இருக்கற அவரோட பிரமாதமான கிண்ணங்களை எல்லாரும் பார்ப்பாங்க. ஆனா கடையைத் தினப்படி ஓட்டினது கரண்டி, கொக்கி, பட்டன் மாதிரி சில்லறை வேலைகள்.

கரண்டி செய்யற விதம் இதுதான். வெள்ளியை உருக்கிக் கட்டியா வார்த்து, சுத்தியலால அடிச்சு நீட்டறது. அடிக்க அடிக்க வெள்ளி இறுகிடும், விரிசல் விடும். அதனால நடுநடுவுல நெருப்புல காட்டி இளக்கணும். அப்புறம் குழிப்பகுதியை அச்சுல அடிச்சு எடுத்து, அரத்தால ராவி, மெருகு போடணும். இந்தச் சுத்தியல் தடம் சில பழைய கரண்டிகளில் வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்தா இன்னமும் தெரியும்.

காலத்தைக் கண்டுபிடிக்கப் பிடியோட வடிவம் போதும். 18-ம் நூற்றாண்டின் முதல் பாதியில பிடியோட நுனி மேல்நோக்கி வளைஞ்சிருக்கும். அப்பல்லாம் கரண்டியைக் கவிழ்த்து வைக்கறது பழக்கம். அதனால எழுத்தை முதுகுப் பக்கம் வெட்டினாங்க. 1760-களுக்கு அப்புறம் நுனி கீழ்நோக்கி வளைய ஆரம்பிச்சது, கரண்டியும் மல்லாக்க வந்தது, எழுத்தும் முன்பக்கம் வந்தது. 1790-களில் நுனியின் ரெண்டு மூலையையும் வெட்டிவிட்ட 'சவப்பெட்டி' வடிவம். 1810-க்கு மேல வயலின் மாதிரி தோள் வெச்ச பிடி. 1820, 30-களில் அந்தப் பிடியில பூக்கூடையும் கோதுமைக் கதிரும் எழும்பி நிக்கும்.

எழுத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கு. மூணு எழுத்து முக்கோணமா இருந்தா, மேல இருக்கறது குடும்பப் பேர், கீழ இருக்கற ரெண்டும் கணவன், மனைவியோட முதலெழுத்து. கல்யாணச் சீர்னு பெரும்பாலும் தைரியமாச் சொல்லலாம். நம்ம ஊர் எவர்சில்வர் கடையில குடத்துல பேர் வெட்டறாங்களே, அதே சமாச்சாரம். நியூயார்க் டச்சுக் குடும்பங்கள் ஒருபடி மேல போய், சவப்பெட்டி தூக்கினவங்களுக்கு இறந்தவரோட பேரும் தேதியும் வெட்டின கரண்டியை நினைவாக் கொடுத்தாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் தேய்மானம். வலது கையால கிளறிச் சுரண்டி, நல்லா உபயோகிச்ச ஸ்பூனோட குழி நுனி இடதுபக்கம் தேஞ்சு சாய்ஞ்சிருக்கும். வலதுபக்கம் தேஞ்ச ஸ்பூன் கிடைச்சா, அந்த வீட்டுல ஒரு இடதுகைக்காரர் இருந்திருக்கணும். அவர் பேரு எந்தப் புத்தகத்துலயும் இருக்காது. ஆனா அவர் தினமும் சர்க்கரை கலக்கினதுக்குச் சாட்சி கையில இருக்கு.

முத்திரையில் இல்லாத பேர்கள்

இந்த இடத்துல கொஞ்சம் சீரியஸாப் பேசணும். கரண்டியின் முதுகுல இருக்கற பேர் கடை முதலாளியோடது. அடிச்ச கை யாரோடதுன்னு அது சொல்லாது. ஏழு வருஷம் போலத் தொழில் கத்துக்கிட்ட பையன்கள், கூலியாட்கள் எல்லாரும் அந்த ஒரு முத்திரைக்குப் பின்னாடி மறைஞ்சுட்டாங்க. சார்ல்ஸ்டன் மாதிரி தென்பகுதி நகரங்களில் அடிமைகளா இருந்த கறுப்பின மனிதர்களும் வெள்ளிப் பட்டறைகளில் வேலை செஞ்சாங்க. அது எப்படித் தெரியும்னா, தப்பி ஓடின அடிமையைப் பிடிச்சுத் தரச் சொல்லி முதலாளி கொடுத்த விளம்பரத்துல "வெள்ளி வேலை தெரிஞ்சவன்"னு போட்டிருக்கும். காணாமப்போன கரண்டிக்கு விளம்பரம் வந்த அதே மாதிரிப் பக்கங்கள்லதான் இதுவும்.

இவங்களில் தன் பேரைத் தானே குத்திக்க முடிஞ்ச ஒரு ஆள் பீட்டர் பென்ட்சன். சுமார் 1783-ல் கரீபியத்தின் செயின்ட் தாமஸ் தீவுல பிறந்தவர், ஆப்பிரிக்க வம்சாவளி, அடிமை அல்ல. பிலடெல்பியாவில் தொழில் கத்துக்கிட்டு, செயின்ட் குரோய் தீவுலயும் பிலடெல்பியாவிலயும் கடை வெச்சிருந்தார். அந்தக் காலத்து ஆப்பிரிக்க வம்சாவளி ஆசாரிகளில், முத்திரையை வெச்சு இன்னார் வேலைன்னு அடையாளம் காண முடிஞ்சது இவர் ஒருத்தரோட சாமான்கள் மட்டும்தான். அவர் செஞ்சதுல மிஞ்சியிருக்கறதுல கரண்டிகளும் உண்டு.

வெள்ளி எங்கேயிருந்து வந்ததுன்னு இன்னும் ஒரு படி பின்னால போனா பொட்டோசி மலை. 1545-லேர்ந்து அங்கே வெட்டின சுரங்கத்துக்குச் சுத்துவட்டாரப் பூர்வகுடி ஊர்கள் முறை வெச்சு ஆள் அனுப்பியே ஆகணும்னு ஸ்பானிஷ் அரசு கட்டாயப்படுத்திச்சு. பல பேர் திரும்பி வரலை.

அதே வெள்ளி நம்ம கரைக்கும் வந்திருக்கு. இந்தியாவுக்கு வந்த முதல் அமெரிக்கக் கப்பல் நங்கூரம் போட்டது புதுச்சேரியில, 1784 டிசம்பர்ல. கப்பல் பேரு 'யுனைடெட் ஸ்டேட்ஸ்'. அதுக்கப்புறம் துணி வாங்க வந்த அமெரிக்க வியாபாரிகள் பெருமளவுக்குக் கொண்டுவந்தது ஸ்பானிஷ் டாலர்தான். மெக்சிகோவில் ஒரே நாள் அடிச்ச ரெண்டு காசுல ஒண்ணு பாஸ்டன்ல கரண்டியாவும், இன்னொண்ணு சென்னையில ரூபாயாவும் உருகியிருக்க நல்லாவே வாய்ப்பு இருக்கு.

மிஷின் வந்தது, ஆசாரி போனார்

1826-ல் நியூயார்க்கின் வில்லியம் கேல், உருளையில அச்சை வெட்டி அதுக்கு நடுவுல வெள்ளியை விட்டு, டிசைனோட கரண்டி எடுக்கற முறைக்குக் காப்புரிமை வாங்கினார். 1831-ல் பிராவிடன்ஸ் நகரத்துல ஜபேஸ் கோரம் கரண்டித் தொழில் தொடங்கினார். அதுதான் பின்னால பிரம்மாண்டமான கோரம் கம்பெனி ஆச்சு. சின்ன ஊர் ஆசாரி கொஞ்சம் கொஞ்சமாக் கடைக்காரர் ஆனார். ஃபாக்டரியில இருந்து கரண்டி வரும், இவர் தன் பேரை மட்டும் குத்துவார். அதனால 1840-க்கு அப்புறம் வர்ற முத்திரைகள் நிறைய விற்பனையாளரோட பேர்தான்.

1840-களில் மின்முலாம் வந்து, ஏழைகள் வீட்டுக்கும் பளபளப்பு வந்தது. 1859-ல் நெவாடாவில் காம்ஸ்டாக் சுரங்கம் கிடைச்சு உள்நாட்டு வெள்ளியே கொட்ட ஆரம்பிச்சது. டிஃபனி 1850-களின் தொடக்கத்திலேயே ஸ்டெர்லிங் தரத்துக்கு மாறியாச்சு. 1868-ல் கோரமும் மாறினவுடனே காயின் சில்வர் காலம் ஏறக்குறைய முடிஞ்சது. ஸ்டெர்லிங்னா 925, காயின்னா 900-ன்னு மத்திய அரசு சட்டம் போட்டது 1906-ல். அதுக்குள்ள காயின்னு குத்தறதுக்கு ஆளே இல்லை :-)

அதே 1906-ல்தான் பாஸ்டன் நுண்கலை மியூசியம் பழைய அமெரிக்க வெள்ளிக்குன்னு முதல் கண்காட்சி வெச்சது. அதுவரைக்கும் தாத்தா காலத்துச் சாமான்னு கிடந்ததுக்கு திடீர்னு மவுசு. மவுசு வந்தா போலியும் வரும். சாதாரணக் கரண்டியில ரெவீர் பேரைக் குத்தி வித்தாங்க. இதைப் பிடிக்க டெலவேர் மாநிலத்து வின்டர்தர் மியூசியம் 1970-களில் எக்ஸ்ரே சோதனையைப் பயன்படுத்திச்சு. பழைய வெள்ளியில துளியூண்டு தங்கமும் ஈயமும் கலந்திருக்கும். நவீனமாச் சுத்திகரிச்ச வெள்ளியில அது இருக்காது.

இப்ப ஏன் இதையெல்லாம் சொல்றேன்?

1979 தொடக்கத்துல அவுன்ஸ் 6 டாலர் போல இருந்த வெள்ளி, ஹன்ட் சகோதரர்கள் வாங்கிக் குவிச்சதுல 1980 ஜனவரியில 50 டாலரைத் தொட்டது. ஜனங்க பழைய வெள்ளியை மூட்டையாக் கொண்டுபோய் உருக்கப் போட்டாங்க. அந்த 1980 உச்சத்தை வெள்ளி விலை 2025 அக்டோபர்ல தாண்டிடுச்சு. கணக்குப் போடுங்க. 15 கிராம் டீஸ்பூன்ல சுத்த வெள்ளி 13.5 கிராம். அவுன்ஸ் 50 டாலர்னாலே உள்ள இருக்கற உலோகம் மட்டும் 20 டாலருக்கு மேல. ரெவீர் கரண்டிக்கு ஒண்ணும் ஆகாது, அது லட்சங்களில் போகும். ஆபத்து எல்லாம் பேர் தெரியாத சின்ன ஊர் ஆசாரி செஞ்ச சாதாரண ஸ்பூனுக்கு. அதுக்குச் சேகரிப்பாளர் தர்ற விலையும் உருக்கு விலையும் பக்கத்துப் பக்கத்துல இருக்கும்.

உருக்கறதுக்காகவே பிறந்ததுதானே, மறுபடி உருகினா என்னன்னு ஒரு கட்சி உண்டு. எனக்கு அது சரியாப் படலை. அன்னைக்கு அழிச்சப்ப குடும்பத்துக்கு அதே எடைக்கு இன்னொரு கரண்டி, இன்னொரு எழுத்தோட வந்தது. இன்னைக்கு உருக்கினா வர்றது பேரில்லாத கட்டி. சில ஆசாரிகள் இந்த உலகத்துல இருந்தாங்கங்கறதுக்கு ஒண்ணு ரெண்டு கரண்டியைத் தவிர வேற தடயம் கிடையாது. வின்டர்தர்ல இருக்கற இனிசன்-பிஸல் தொகுப்பு கரண்டிகளாலேயே ஆனது. அதை வெச்சுத்தான் 1980-ல் முத்திரைகளுக்கு ஒரு பெரிய அகராதியே போட்டாங்க. யாரோ ஒருத்தர் சாதாரண ஸ்பூன்களையும் விடாம எடுத்து வெச்சதோட பலன் அது.

வாங்க நினைக்கறவங்களுக்கு மூணே யோசனை. ஒண்ணு, எழுத்தை அழிச்ச கரண்டியைத் தவிர்த்துடுங்க. பிடியின் நுனி அந்த இடத்துல மெலிஞ்சிருக்கும், விரலால தடவினாலே தெரியும். ரெண்டு, மிஷின்ல போட்டு மெருகு ஏத்தாதீங்க, முத்திரை மழுங்கிடும். மூணு, முத்திரையில இருக்கற பேரை அந்த ஊர்ப் பழைய பதிவேடுகளில் தேடிப் பாருங்க. பாதி சந்தோஷம் அங்கேதான் இருக்கு.

உங்க வீட்டுல பேர் வெட்டின பழைய பாத்திரம், வெள்ளிச் சாமான் ஏதாவது இருந்தா, அதுல இருக்கற எழுத்து யாரோடதுன்னு பெரியவங்ககிட்ட இன்னைக்கே கேட்டு வெச்சுக்கங்க. பின்னூட்டத்துலயும் சொல்லுங்க.

பி.கு: ஃபோர்க் பத்தி ஏன் எழுதலைன்னு கேக்கறவங்களுக்கு: அந்தக் காலத்து அமெரிக்க மேஜைகளில் கரண்டி அளவுக்கு வெள்ளி ஃபோர்க் புழங்கலை. அது தனிப் பதிவு. பயப்படாதீங்க, உடனே போட மாட்டேன் :-)